கம்ப்யூட்டரைத் தொடும் முன் நோட்டும் பேனாவும் கொடுத்த கடை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 16 வருடமாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, காரியப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் அடித்துத் தருவேன். தை பிறந்துவிட்டால் மாசி, பங்குனி முகூர்த்தத்துக்கான வேலை குவியும். இந்தத் தையில், சரியாக அந்த நேரத்தில், எவனோ என் கம்ப்யூட்டருக்குள் புகுந்து மெயில், கார்டு விவரம், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து நான் எழுந்து நின்றது புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு மாடியில் இருக்கும் சின்ன சர்வீஸ் கடையால். அந்தக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரே ஆள் நடத்தும் கடை. "கூட்டம் வந்தா என்னால சமாளிக்க முடியாது, பேரு மட்டும் போட்டுடாதீங்கக்கா" என்று கேட்டுக்கொண்டார். அதனால் தம்பி என்றே சொல்கிறேன்.

ஆற்றுத் திருவிழாவுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை ராத்திரி. பெண்ணையாற்றங்கரையில் நடந்த அலுப்பில் சீக்கிரமே படுத்துவிட்டேன். 11.40க்கு போன் ஒலித்தது. கிரெடிட் கார்டில் 6,212 ரூபாய் போயிருக்கிறது, ஏதோ வெளிநாட்டுப் பெயர். ஓடிபி எதுவும் வரவில்லை. என்னவென்று புரிவதற்குள் இன்னொரு 6,212. பிறகு 4,890. ஆக 17,314 ரூபாய், நாலே நிமிடத்தில்.

வங்கிக்குப் போன் செய்து கார்டை நிறுத்தினேன். அதற்கே 20 நிமிடம் பிடித்தது. அப்புறம் என் மகள் சென்னையிலிருந்து சொன்னாள் என்று 1930க்கு அடித்தேன். பணம் திருடு போனால் சொல்வதற்காக மத்திய அரசு 2021ல் ஆரம்பித்த எண் அது. முதலில் 155260 என்று இருந்ததைத்தான் 1930 என்று மாற்றினார்கள். எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, மெசேஜில் இருக்கும் பரிவர்த்தனை எண் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் ஒரு புகார் எண் வந்தது. அதை வைத்துக்கொண்டு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழு விவரத்தையும் மறுநாள் போனிலேயே பதிந்தேன். இவ்வளவும் சரியாகத்தான் செய்தேன். அடுத்ததில்தான் தவறிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் எங்கள் ஊரிலேயே தெரிந்த ஒரு கடைக்கு சிபியூவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆன்டிவைரஸ் ஓட்டினார்கள். 11 வைரஸ் இருந்தது, எடுத்துவிட்டோம், இனி பயமில்லை என்றார்கள். 400 ரூபாய். வீட்டுக்கு வந்து அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றினேன். வங்கிக் கணக்கு பாஸ்வேர்டு, பொருள் வாங்கும் தளங்களின் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றினேன். நிம்மதியாகத் தூங்கினேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் நான் வழக்கமாகப் பொருள் வாங்கும் தளத்தில் என் பெயரில் பரிசுக் கூப்பன் வாங்க யாரோ முயற்சி செய்திருக்கிறார்கள். கார்டு நிறுத்தப்பட்டிருந்ததால் அது நடக்கவில்லை. ஆனால் புதுப் பாஸ்வேர்டும் அவன் கையில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கியது. என்னிடம் வினாத்தாள் அடிக்கும் ஒரு ஆசிரியைதான் நெல்லித்தோப்புக் கடையைச் சொன்னார்.

சனிக்கிழமை சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் உட்கார்ந்தேன். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தமும் அன்றைக்கு ரொம்ப நேரம் எடுத்தது போல இருந்தது. மரப்பாலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். படி குறுகலானது. சிபியூவோடு ஏறுவது கஷ்டம். கீழே இருந்து ஒரு குரல் கொடுத்தால் அவரே வந்து வாங்கிக்கொள்கிறார், இது எனக்கு இரண்டாம் தடவைதான் தெரிந்தது.

சிபியூவை மேசையில் வைத்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "அக்கா, மெஷின் எங்கயும் ஓடிடாது. முதல்ல உங்க கணக்கெல்லாம் எழுதுங்க. எதுல பணம் இருக்கு, எதை வச்சு இன்னொன்னத் திறக்க முடியும், அதை மட்டும்." நான் எழுத எழுத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் போட்டார். மெயிலுக்கு 1. நான் வங்கிதானே முதலில் என்றேன். "மெயில் அவன்கிட்ட இருந்தா, நீங்க மாத்துற எல்லா பாஸ்வேர்டையும் அவன் மறந்துட்டேன்னு சொல்லி மறுபடி வாங்கிக்குவான். அதுதான் வாசல் கதவு" என்றார்.

முந்தைய கடையில் வைரஸ் எடுத்த பிறகும் எப்படிப் புதுப் பாஸ்வேர்டு போனது என்று கேட்டேன். இரண்டு வழி சொன்னார். மெஷின் உண்மையிலேயே சுத்தமாகாமல் இருந்து, நான் தட்டியதையெல்லாம் அப்போதும் அனுப்பியிருக்கலாம். இல்லையென்றால் பாஸ்வேர்டே அவனுக்குத் தேவைப்பட்டிருக்காது. இதை அவர் விளக்கிய விதம் எனக்கு மறக்காது. "நீங்க மாசாந்திர பஸ் பாஸ் எடுக்குறீங்க. கவுண்டர்ல ஒரு தடவைதான் போட்டோ, அட்ரஸ் எல்லாம் கேப்பாங்க. அதுக்கப்புறம் கண்டக்டர்கிட்ட பாஸைக் காட்டினாப் போதும், இல்லையா? பிரவுசரும் அப்படித்தான். ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டு உள்ள போனா, அந்த சைட்டு உங்க பிரவுசர்ல ஒரு பாஸ் குடுத்து வைக்கும். இவன் அந்தப் பாஸை ஜெராக்ஸ் எடுத்துட்டான்." ஜெராக்ஸ் கடைக்காரியான எனக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பாஸ் செல்லுபடியாகும் வரை ஓடிபியும் கேட்காது, ஒன்றும் கேட்காது. அதனால்தான் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாமல், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற பொத்தானையும் அமுக்க வேண்டுமாம். அப்போதுதான் வெளியே சுற்றும் எல்லாப் பாஸும் செத்துப்போகும்.

வேலையை என் போனிலேயே செய்யச் சொன்னார், கடை வைஃபையில் இல்லாமல் என் சொந்த டேட்டாவில். போனில் தெரியாத ஆப் எதுவும் இல்லையென்று முதலில் பார்த்துக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் பாஸ்வேர்டு அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒரு இடத்தில் எனக்குத் தெரியவில்லை, நீங்களே போட்டுக் கொடுங்கள் தம்பி என்று போனை நீட்டினேன். கையால் தொடவே இல்லை. "உங்க பாஸ்வேர்டு எனக்குத் தெரியக் கூடாதுக்கா, மெதுவா நீங்களே போடுங்க" என்றார். இத்தனை வருடத்தில் எத்தனையோ கடையில் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி சிபியூ மேல் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். யாரும் வேண்டாமென்று சொன்னதில்லை. இவர் ஒருவர்தான் சொன்னார். இந்தக் கடையை நான் நம்புவதற்குக் காரணம் இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

மெயிலின் பாதுகாப்புப் பக்கத்தில் நான் பார்த்தே இராத ஒரு கம்ப்யூட்டர் உள்ளே இருந்தது. பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பத் திறக்க உதவும் மீட்பு முகவரி என்ற இடத்தில் என்னுடையதல்லாத ஒரு மெயில் முகவரி. இரண்டையும் எடுத்தோம். முடிந்தது என்று நினைத்தேன். வடிகட்டி என்று ஒரு பகுதி இருக்கிறது, அதைத் திறங்கள் என்றார். அங்கே என் வங்கியின் பெயரைப் போட்டு, அந்தப் பெயர் வரும் எந்தக் கடிதமும் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஒரு விதி எழுதி வைத்திருந்தான். மூன்று நாளாக வங்கியிலிருந்து ஒரு மெயில்கூட வரவில்லையே என்று நான் வங்கியின் மேல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் குப்பையில் கிடந்தது. அதில் ஒரு கடிதம் கார்டுப் புகாருக்கான படிவம். அதை நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இந்த வடிகட்டியைப் பார்க்கத் தெரியாமல் இருந்திருந்தால் எனக்குப் பணம் திரும்பி வந்திருக்குமா என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். மெயில் திருடு போன எல்லோரும் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள்.

பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாம் பூட்டாக, உள்ளே போகும்போது கேட்கும் குறியீட்டைக் காட்டும் ஆப்பைப் போனில் போட்டோம். போன் தொலைந்தால் பயன்படும் எண்களைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார். அது இப்போது என் நகைப் பெட்டியில் இருக்கிறது. யுபிஐ பற்றி பயந்துகொண்டே கேட்டேன். அது போனோடும் சிம்மோடும் கட்டியது, கம்ப்யூட்டரில் புகுந்தவனால் அதை எடுக்க முடியாது, இருந்தாலும் பின்னை மாற்றிவிடுங்கள் என்றார். கார்டு எப்படிப் போனது என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. 2022 அக்டோபரிலிருந்து கடைத் தளங்கள் நம் கார்டு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறதே என்று கேட்டேன். கடைகளிடமிருந்து போகவில்லை, என் பிரவுசரிலிருந்தே போயிருக்கிறது என்றார். அடிக்கடி அடிக்க வேண்டாமே என்று நானே பிரவுசரில் சேமித்து வைத்திருந்த எண். பின்பக்கத்து மூன்று இலக்கம் டெஸ்க்டாப்பில் ஒரு நோட்பேட் ஃபைலில் இருந்தது. இந்த வகைத் திருட்டு நிரல் பிரவுசரோடு நிற்காது, டெஸ்க்டாப்பில் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களையும் வாரிக்கொண்டு போகுமாம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்பதில்லை, எண்ணும் அந்த மூன்று இலக்கமும் போதும். கார்டில் வெளிநாட்டு உபயோகத்தை நாமே நிறுத்தி வைக்க 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கிகளும் வசதி தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. வங்கி ஆப்பில் அந்தப் பொத்தான் எனக்கும் இருந்தது, இத்தனை நாள் திறந்தே கிடந்திருக்கிறது. புதுக் கார்டு வந்த அன்றே முதல் வேலையாக அதை மூடினேன்.

இதெல்லாம் முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு அவர் ஒரு பைசாகூட வாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்குரு டிரைவரை எடுத்தார்.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, நெட் இல்லாத, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடும் ஒரு மெஷினில் மாட்டித் திறந்தார். எங்கிருந்து வந்தது என்று 10 நிமிடத்தில் காட்டிவிட்டார். டிசம்பர் கடைசியில் ஒரு வாடிக்கையாளர் புது மாதிரிப் பத்திரிகை கேட்டார் என்பதற்காக, காசு கொடுத்து வாங்க வேண்டிய டிசைன் சாஃப்ட்வேரை ஒரு வீடியோவின் கீழே இருந்த இணைப்பிலிருந்து இலவசமாக இறக்கினேன். ஜிப் ஃபைல், திறக்க 1234 என்று பாஸ்வேர்டு கொடுத்திருந்தார்கள், ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுத் திறக்கவும் என்று எழுதியிருந்தது. நிறுத்தினேன். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவதே ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப்பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று தம்பி சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. டிடிபி கடைகளிலிருந்து வருகிற மெஷின் பாதிக்கு மேல் இப்படித்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு டீ வாங்கிவரப் போனார்.

பழைய டிஸ்க்கைத் துடைக்க வேண்டாம் என்றார். புகார் முடியும் வரை அது ஒரு சாட்சி. தேதி போட்டு ஒரு கவரில் வைத்து ஒட்டிக் கொடுத்தார். எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க்கைப் போட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிய விண்டோஸை ஏற்றினார். நான் விண்டோஸ் 10 வைத்திருந்தேன். அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டன. மெஷின் 2019ல் வாங்கியது என்பதால் விண்டோஸ் 11ஐ ஏற்றுக்கொண்டது. பழையதிலிருந்து படம், பத்திரிகை ஃபைல், வினாத்தாள் மட்டும் எடுத்தார். சாஃப்ட்வேர் ஒன்றுகூட எடுக்கவில்லை. பிரவுசரில் பழைய கணக்கை இணைத்ததும், அதோடு ஒட்டிக்கொண்டு ஓடும் எக்ஸ்டென்ஷன் என்ற சின்ன சாஃப்ட்வேர்களும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால் அதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கச் செய்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றார், வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. முகூர்த்த நேரத்தில் மூன்று நாள் என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. இரண்டு பத்திரிகை ஆர்டர் வேறு கடைக்குப் போய்விட்டது. போன் செய்தால் எடுப்பதில்லை. மதியம் ஒன்றரைக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கிறார். எனக்குப் பெரிய வருத்தம் எழுத்துருக்கள் விஷயம். என் பழைய பத்திரிகைகள் எல்லாம், எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறை வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும். அவர் ஃபைல்களை எடுத்தார், எழுத்துரு ஃபோல்டரை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்து, 16 வருட உழைப்பு போய்விட்டதென்று அரை நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மறுபடி பஸ் ஏறி அந்தக் கவரோடு போனேன். தவறு என்னுடையது என்று உடனே சொல்லி, கவரைப் பிரித்து எழுத்துருக்களை எடுத்துக் கொடுத்து, திரும்ப ஒட்டித் தேதி போட்டார். காசு வாங்கவில்லை. ஆனால் டிடிபி தொழிலில் இருப்பவர்கள் அங்கே போனால் எழுத்துரு ஃபோல்டர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பில் கையால் எழுதிக் கொடுத்தார்: சர்வீஸ் 900, எஸ்எஸ்டி 2,350, ஆக 3,250 ரூபாய். எஸ்எஸ்டியின் அட்டைப் பெட்டியையும் வாரண்டிச் சீட்டையும் கையில் கொடுத்தார்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ல் போட்ட ஒரு சுற்றறிக்கையைத் தம்பிதான் எடுத்துக் காட்டினார். அப்போதிருந்த விதி இதுதான்: தவறு வங்கியுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை, நடுவில் எவனோ செய்தான் என்றால், வங்கி தகவல் சொன்னதிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் நாம் புகார் கொடுத்துவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் தொகையை வங்கி தற்காலிகமாகவாவது கணக்கில் வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நம் கவனக்குறைவு என்று வங்கி சொன்னால் அதை நிரூபிப்பதும் வங்கியின் பொறுப்பு. கடிதத்தில் இந்தச் சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை என்பது உண்மை, அதைத் தெளிவாக எழுதுங்கள் என்றார். கடிதத்தை நானே அடித்தேன், அது என் தொழில். 1930 புகார் எண்ணையும் சேர்த்து அனுப்பினேன். ஒன்பதாம் வேலை நாள் மூன்று தொகையும் தற்காலிக வரவாக வந்தன. இரண்டு உறுதியாகிவிட்டன. 4,890 இன்னும் விசாரணையில் இருக்கிறது.

நடுவில் ஒரு நாள் ஒருவன் போன் செய்தான். 1930லிருந்து பேசுகிறேன், உங்கள் பணம் தயாராக இருக்கிறது, விடுவிக்க 1,999 ரூபாய் கட்டணம் என்றான். என் பெயர், வங்கிப் பெயர், போன தொகை எல்லாம் சரியாகச் சொன்னான். இப்படி ஒரு போன் வரும், ஏற்கெனவே ஏமாந்தவர் பட்டியலை இவர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வார்கள், திருப்பிக் கொடுக்க எந்த அதிகாரியும் காசு கேட்க மாட்டார் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார். அதனால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்தேன். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று இருந்த மனநிலையில் கட்டியிருப்பேன்.

டிசைனுக்கு இப்போது இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் பயன்படுத்துகிறேன். இரண்டும் இலவசம், திருட்டு இல்லை, யூனிகோடு தமிழ் ஒழுங்காக வருகிறது. பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், 2012 வரை முடித்திருக்கிறேன். பாஸ்வேர்டுகள் பிரவுசரில் இல்லை. எழுதிய நோட்டு பீரோவில் இருக்கிறது, பழைய டிஸ்க் கவரோடு.

பங்குனி முகூர்த்தம் முடிந்ததும் என் தங்கை வீட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மறுபடி அந்தக் கடைக்குப் போகிறேன். அவள் வீட்டுக்காரரும் ஏதோ இலவசமாக இறக்கியிருக்கிறாராம். நாலு மணிக்கு மேல் போனால்தான் தம்பி இருப்பார்.